சுண்டெலி எவ்வளவு தின்றது?

“கொழுப்பு மிகுந்த சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் எடை குறைந்தது, ஆய்வில் நிரூபணமானது.” பெரியம்மா வீட்டு ஐஸ் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருந்த துண்டுத்தாளில் இப்படி ஒரு வரி. அதன் கீழே குண்டாக ஒரு எலி, ஒல்லியாக ஒரு எலி. அதற்கும் கீழே மூலிகைக் குளிகைப் போத்தலின் படம், விலை 120 வெள்ளி. படித்த நாளிலிருந்து அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அப்பட்டமான பொய்யாக இருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பேன். நான் இடைநிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள். அப்படி ஓர் ஆய்வு நடந்திருக்க முடியாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. தேடிப் பார்த்தால் நடந்தும் இருக்கிறது. எலிகளின் எடையும் குறைவாகத்தான் இருந்திருக்கிறது. அப்புறம் என்ன உறுத்தல் என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பெரியம்மா மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறார். வயது எழுபதைத் தொடப் போகிறது. பதினாறு வயதில் பால்மரம் வெட்டப் போனவர். விடியும் முன்னே பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), நெற்றியில் விளக்கு, மேடும் பள்ளமுமாக நூற்றுக்கணக்கான மரம், அப்புறம் தோளில் காண்டா வாளியோடு ஸ்டோருக்கு நடை. அந்த உடம்புக்கு என்ன போட்டாலும் எரிந்துபோகும். ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தார்கள், லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) காலி செய்யச் சொன்னார்கள், எல்லாரும் டவுன் பக்கம் தாமான் வீடுகளுக்கு வந்து சேர்ந்தோம். நடை நின்றுபோனது. சோற்றின் அளவு நிற்கவில்லை, இனிப்புப் பால் ஊற்றிய தேத்தண்ணியும் நிற்கவில்லை. 2019ல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் இந்த நாட்டுப் பெரியவர்களில் 38.1 விழுக்காட்டினருக்குக் கொலஸ்ட்ரால் அதிகம், 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) என்று வந்தது. இனிப்பு நீரில் இந்தியர்கள்தான் முதலிடம். எங்கள் தெருவில் இதற்குக் கணக்கெடுப்பே தேவையில்லை, எந்த வீட்டுக்குப் போனாலும் மேசை மேல் மாத்திரைப் பை கிடக்கும்.

பெரியம்மாவுக்கு இனிப்பு நீரும் உண்டு, கொலஸ்ட்ராலும் உண்டு. கவர்மெண்ட் கிளினிக்கில் மாதா மாதம் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் ஒருவர் வந்து பேசியிருக்கிறார். நல்ல தமிழ், நல்ல குரல், சட்டைப் பையில் பேனா. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய், அதோடு அசாம் கெலுகோர், எல்லாம் பழம், எல்லாம் நம் முன்னோர் சொன்னது, இப்போது அறிவியலும் சொல்லிவிட்டது என்றிருக்கிறார். பேச்சோடு பேச்சாக, “கிளினிக் மாத்திரை ஈரலைத் தின்னுடும்மா” என்றும் சொல்லியிருக்கிறார். பெரியம்மா கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டார். இனிப்பு நீர் மாத்திரையை மட்டும் விடவில்லை. அதை நிறுத்தினால் தலை சுற்றும் என்று அவருக்கே தெரியும். கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தினால் எதுவும் தெரியாது. வலிக்காது, மயக்கம் வராது, பசி கூடக் குறையாது. வியாபாரம் பண்ண வருகிறவருக்கு இதைவிட வசதியான நோய் கிடைக்குமா?

அவர் சொன்னதில் முன்னோர் பகுதி உண்மைதான். கடுக்காய் எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. காலையில் இஞ்சி, நண்பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என்று என் பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். கடுக்காயை அம்மிக் குழவியால் தட்டி உடைத்து, விதையைப் பொறுக்கி வாசலுக்கு எறிந்துவிட்டுத் தோலை மட்டும்தான் இடிப்பார். இஞ்சிக்கு வெளித்தோல் நஞ்சு, கடுக்காய்க்கு உள்விதை நஞ்சு என்பது அவர் பாடம். அசாம் கெலுகோரைக் கேட்கவே வேண்டாம். காயவைத்த வில்லையை மீன் குழம்பில் போடாத வீடு பேராக் மாநிலத்திலேயே இருக்காது. எனக்கு இந்தப் பழங்கள் மேல் ஒரு கோபமும் இல்லை. அவற்றின் பேரில் ஒரு சுண்டெலியை நிறுத்தி, அந்த எலியின் பேரில் ஒரு மாத்திரையை நிறுத்த வைத்ததுதான் எனக்கு ஆறவில்லை.

எலிகளின் உணவுக் கணக்கு

தேடிப் படித்ததில், துண்டுத்தாள் சொல்வதற்குப் பொருத்தமாக இருந்தது 2012ல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒன்று. சுண்டெலிகளுக்குக் கொழுப்பு அதிகமான தீனி. சிலவற்றுக்கு வெறும் தீனி, சிலவற்றுக்குத் திரிபலா (கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்த பொடி) கலந்த தீனி, சிலவற்றுக்கு மூன்று காயில் ஏதாவது ஒன்று மட்டும் கலந்தது. 10 வாரம் இப்படி வளர்த்தார்கள். கலந்து தின்ற எலிகளின் எடையும் உடல் கொழுப்பும் குறைவாக இருந்தன, இரத்தத்தில் கெட்ட கொழுப்பு குறைந்தது, நல்ல கொழுப்பு ஏறியது. இதுவரை எல்லாம் துண்டுத்தாளுக்குச் சாதகம். ஆனால் அதே முடிவுகளின் வரிசையில், ஒளிக்காமல், இன்னொன்றையும் எழுதியிருக்கிறார்கள்: அந்த எலிகள் உள்ளே எடுத்துக்கொண்ட சக்தியும் குறைவு. அதாவது அவை குறைவாகத் தின்றிருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் தாளை அச்செடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அவர் சமையல்கட்டில் நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தார். எப்படிச் சொன்னால் புரியும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன்: எலிக்குக் கொழுப்புத் தீனி போட்டார்கள், அதிலே கடுக்காய்ப் பொடி கலந்தார்கள், கலந்ததைத் தின்ற எலி அவ்வளவாகப் பெருக்கவில்லை. அவர் கை நிற்கவில்லை.

“தீனியிலேயே கலந்துட்டாங்களா?”

“ஆமா பெரிம்மா.”

“அப்போ தின்னுருக்காதே.”

நான் இன்னும் அந்த வரிக்கு வரவே இல்லை. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். லயத்தில் இருந்தபோது வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்த்தவர் அவர். கோழிக்குச் சீக்கு வந்தால் தவிட்டில் வேப்பிலையை அரைத்துக் கலந்து வைப்பாராம். “கிட்ட வந்து ஒரு கொத்து கொத்தும், அப்புறம் நம்ம மூஞ்சியப் பாக்கும். சாயங்காலம் பாத்தா தவிடு அப்படியே கிடக்கும். மருந்து உள்ள போகணும்னா பிடிச்சு வாயைத் திறந்து ஊத்தணும்மா. தீனியில கலந்தா அதுவும் போகாது, தீனியும் போகாது.”

எழுந்து போய் அந்தப் போத்தலை எடுத்து வந்தேன். ஒரு குளிகையைத் திருகித் திறந்து சாசரில் கொட்டினேன். தவிட்டு நிறம், கொஞ்சம் பச்சை கலந்தாற்போல. பெரியம்மா விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தார். உதடு இரண்டும் உள்ளே இழுத்துக்கொண்டன. “கடுக்காதான். விதை எடுத்தானோ எடுக்கலையோ” என்றவர் தண்ணீர் குடித்தார். நானும் வைத்துப் பார்த்தேன். முதலில் புளிப்பு, உடனே துவர்ப்பு, அந்தத் துவர்ப்பு கன்னத்தின் உள்பக்கமெல்லாம் பிடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தும் போகவில்லை. இதை நாள் முழுக்க, வேளா வேளைக்கு, சோற்றோடு பிசைந்து 10 வாரம் சாப்பிடச் சொன்னால் நானும்தான் இளைப்பேன்.

என் மேசையில் வாரக்கணக்காகக் கிடந்த கேள்வி அந்த இடத்தில்தான் எனக்குத் தெளிந்தது. அந்த எலி ஏன் எடை போடவில்லை? பழத்தில் உள்ள சரக்கு உடம்புக்குள் போய்க் கொழுப்பைக் கரைத்ததாலா, பசியை அடக்கியதாலா, தீனியின் ருசி பிடிக்காமல் கொஞ்சமாகத் தின்றதாலா? மூன்றும் மூன்று வேறு சங்கதிகள். முதலாவது உண்மையானால் குளிகைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. மூன்றாவது உண்மையானால் குளிகைக்கு அந்த நியாயம்கூட இல்லை, ஏனென்றால் குளிகை நாக்கைத் தொடாமல் தொண்டைக்குள் இறங்கிவிடுகிறது. எலியை இளைக்க வைத்தது அந்தத் துவர்ப்பு என்றால், ஜெலட்டின் கூட்டுக்குள் அடைத்த அன்றைக்கே அந்த மருந்து போய்விட்டது.

இதைப் பிரித்தறிய ஆய்வாளர்களிடம் ஒரு முறை இருக்கிறது. மருந்து கலந்த தீனியை ஒரு கூட்டம் எவ்வளவு தின்கிறது என்று தினமும் நிறுத்து, அதே அளவு வெறும் தீனியை மட்டும் இன்னொரு கூட்டத்துக்குப் போடுவார்கள். இரண்டும் ஒரே மாதிரி இளைத்தால் காரணம் உணவின் அளவு. மருந்துக் கூட்டம் இன்னும் அதிகமாக இளைத்தால், அங்கே வேறு ஏதோ நடக்கிறது என்று பேசலாம். குழாய் வைத்து நேரே இரைப்பைக்குள் ஊற்றுகிற முறையும் உண்டு, பெரியம்மா கோழிக்குச் செய்த மாதிரி. அதில் ருசிப் பிரச்சினை இல்லை, ஆனால் தினமும் பிடித்து அமுக்கி ஊற்றினால் பயத்திலேயே சில எலிகள் சரியாகத் தின்பதில்லை. அதனால் அங்கேயும் வெறும் தண்ணீர் ஊற்றிய ஒரு கூட்டம் வேண்டும். தீனித்தட்டை நிறுக்காமல் எலியை மட்டும் நிறுத்த ஆய்வு எதையும் நான் இனி எடை விஷயத்தில் கணக்கில் எடுக்க மாட்டேன்.

இன்னொன்றையும் பெரியம்மாவிடம் சொன்னேன். இந்த மாதிரி ஆய்வுகளில் பெரும்பாலும் வளர்கிற வயசு எலிகளைத்தான் எடுப்பார்கள். கொழுப்புத் தீனியும் மூலிகையும் சேர்ந்தே ஆரம்பிக்கும். முடிவில் எல்லா எலிகளும் எடை கூடியிருக்கும், மருந்து தின்றது கொஞ்சம் குறைவாகக் கூடியிருக்கும். ஏற்கெனவே பருத்த ஓர் எலியை இளைக்க வைத்த கதை அது இல்லை. குண்டு எலி, ஒல்லி எலி என்று படம் போட்டால், அந்தக் குண்டு எலிதான் இந்த ஒல்லி எலியாக மாறியது என்று நம் கண் தானாக எடுத்துக்கொள்கிறது. அவை இரண்டும் வேறு வேறு எலிகள்.

இரத்தத்துக் கொழுப்பும் இடுப்புக் கொழுப்பும்

மண்டபத்தில் பேசியவர் எடை குறைந்தால் கொலஸ்ட்ரால் குறைந்துவிட்டது என்றே பேசிக்கொண்டு போனாராம். அதற்காகவே ஒரு தராசும் கொண்டுவந்திருக்கிறார். இரண்டுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் சொல்லிவிட முடியாது. இதை எலியே காட்டித் தருகிறது. சாதாரணச் சுண்டெலிக்கு இரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறுவதே கஷ்டம். அதன் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி நல்ல கொழுப்பான எச்.டி.எல். வடிவில்தான் ஓடுகிறது, நமக்கோ கெட்ட கொழுப்பான எல்.டி.எல். தான் அதிகம். நல்லதிலிருந்து கெட்டதுக்குக் கொலஸ்ட்ராலை மாற்றிவிடுகிற ஒரு புரதம் நம் இரத்தத்தில் இருக்கிறது, எலிக்குக் கிடையாது. அதனால் இதய நோயைப் பற்றி ஆராய்கிறவர்கள் 1992ல் அப்போ-இ என்ற புரதத்துக்கான மரபணுவை நீக்கி ஒரு சுண்டெலி வகையை உருவாக்கினார்கள். சாதாரண எலிக்கு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமை ஒட்டி இருக்கும் கொலஸ்ட்ரால், இதற்குச் சாதாரணத் தீனியிலேயே 400, 500 என்று நிற்கும். இரத்தக் குழாயில் படிவும் வரும். ஆனால் இந்த எலி பார்க்கக் குண்டாக இருக்காது. கொலஸ்ட்ரால் எக்கச்சக்கம், உடம்பு ஒல்லி.

எங்கள் தெருக் கோடியில் ஒரு மாமா இருந்தார். ஊசி மாதிரி உடம்பு, சைக்கிள்தான் எங்கேயும். மார்வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒல்லி ஆளுக்கு எப்படி வரும் என்று சாவு வீட்டில் எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். வரும். பரம்பரையாகவே எல்.டி.எல். அதிகமாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களைத் தராசில் ஏற்றிப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது, இரத்தம்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு நாளைக்கு எத்தனை கிராம்

அளவு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதில்தான் கோபம் அதிகம், ஏனென்றால் இதைப் போட்டுப் பார்க்கப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். 25 கிராம் எடையுள்ள சுண்டெலி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3 கிராம் தின்னும். தீனியில் நூற்றுக்கு ஒரு பங்கு மூலிகை கலந்தால், அது 30 மில்லிகிராம். உடம்பு எடைக்குப் பார்த்தால் கிலோவுக்கு 1200 மில்லிகிராம். சின்ன உடம்பு வேகமாக எரிக்கும் என்பதால் அதை அப்படியே மனிதனுக்குப் பெருக்கக் கூடாது. சுண்டெலியிலிருந்து மனிதனுக்கு மாற்ற 12.3ஆல் வகுப்பது வழக்கத்தில் உள்ள கணக்கு. வகுத்தால் கிலோவுக்கு 98 மில்லிகிராம் போல வரும். 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 6 கிராம். பெரியம்மாவின் போத்தலில் ஒரு குளிகை 500 மில்லிகிராம், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. எலிக்கு நூற்றுக்கு ஒன்று கலந்த கணக்குக்கே அவர் தினம் 12 குளிகை விழுங்க வேண்டும். அப்படி விழுங்கினால் போத்தல் ஒரு வாரம் தாங்காது.

மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததும் உண்டு, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஈரானில் இதே மூன்று காய்கள் சேர்ந்த பழைய மருந்து ஒன்றைப் பருமனான 62 பேரை வைத்துச் சோதித்து 2012ல் எழுதினார்கள். 12 வாரம் நடந்தது. மருந்து எடுத்தவர்களுக்கு எடை குறைந்தது என்றுதான் முடிவு. நல்ல செய்தி. அவர்கள் சாப்பிட்டது வேளைக்கு 5 கிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. ஆக 10 கிராம். பெரியம்மாவின் 1 கிராமுக்கு அந்த முடிவைச் சாட்சிக்கு இழுப்பது நியாயமில்லை. 62 பேர் என்பதும் சின்னக் கூட்டம்தான். அதைப் பெரிதாகச் செய்து பார்க்க யாராவது முன்வந்தால் நான் கை தட்டுவேன். நம் பாட்டிமார் இடித்த மருந்து ஒழுங்கான சோதனையில் நின்று ஜெயித்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் இருக்க முடியாது.

அசாம் கெலுகோருக்கு இந்தச் சான்றுகூட வேறு இடத்திலிருந்து கடன் வாங்கியதுதான். அதன் உறவான குடம்புளியில் ஓர் அமிலம் இருக்கிறது, உடம்பு சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றும் வழியில் ஒரு நொதியை அது தடுக்கும். எலிகளிடம் பார்த்தபோது எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள். அமெரிக்காவில் 135 பேரை வைத்து 12 வாரம் சோதித்து 1998ல் வெளியிட்டார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரி உணவுக் கட்டுப்பாடு. குடம்புளி எடுத்தவர்கள் சராசரியாக 3.2 கிலோ இறங்கினார்கள். வெறும் மாவு மாத்திரை எடுத்தவர்கள் 4.1 கிலோ இறங்கினார்கள். மீன் குழம்பில் அந்த வில்லை தொடர்ந்து கொதிக்கட்டும், அதற்கு அங்கே நல்ல வேலை இருக்கிறது.

போத்தலில் ஒட்டியிருந்த மினுமினுப்பு முத்திரையைக் காட்டி, “கவர்மெண்டே குத்திக் கொடுத்திருக்கு பாரு” என்றார் பெரியம்மா. முத்திரை உண்மைதான், பதிவு எண்ணும் இருந்தது, கடைசியில் ‘டி’ (T) என்ற எழுத்தோடு. அந்த எழுத்து பாரம்பரிய மருந்து என்பதற்கு அடையாளம். இந்த வகைக்குப் பாதுகாப்பையும் தரத்தையும் பார்ப்பார்கள். ஈயம், பாதரசம் அளவுக்கு மேல் இருக்கிறதா, கிருமி இருக்கிறதா என்றெல்லாம். கொலஸ்ட்ராலைக் குறைக்குமா என்று நோயாளிகளை வைத்துச் சோதித்துத் தரும் சான்றிதழ் இல்லை அது. இருந்தாலும் முத்திரை உள்ளதே நல்லது. முத்திரை இல்லாத இளைக்கிற மருந்துகளில் சிபுட்ராமின் கலந்து பிடிபடுவது இந்த நாட்டில் அடிக்கடி வரும் செய்தி. மாரடைப்பு, பக்கவாத அபாயத்துக்காக 2010ல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, இதய நோய் இவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக்கூடாது என்று 1956லேயே இங்கே சட்டம் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, துண்டுத்தாளில் எலி மட்டும் இருந்தது, மற்றதெல்லாம் வாய்ப்பேச்சாக வந்தது.

கோழிக்குப் பலித்த மருந்து

அடுத்த வாரம் பெரியம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போனேன். போத்தலையும் கையோடு எடுத்துவரச் சொன்னேன். மருந்து கொடுக்கிற கவுன்டரில் இருந்த பெண் அதை வாங்கிப் பின்பக்கம் எழுதியிருப்பதை ஒவ்வொன்றாகப் படித்தார். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. இந்த மாத்திரையோடு சில பழங்கள் ஒத்துவராது, அதனால்தான் கேட்கிறேன் என்றார். பெரியம்மாவின் கொலஸ்ட்ரால் மாத்திரை சிம்வாஸ்டாட்டின். கிரேப்ஃப்ரூட் சாறு குடித்தால் குடலில் அதை உடைக்கும் நொதி அடங்கிப்போய், மாத்திரை இரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறிவிடும். கிரேப்ஃப்ரூட்டே பம்ளிமாசும் ஆரஞ்சும் கலந்து பிறந்ததுதான், தம்புன் பக்கம் சாலையோரம் தொங்கவிட்டு விற்கிறார்களே அந்தப் பம்ளிமாஸ். பழம்தானே என்று எதையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதை அவர் அவ்வளவு பக்குவமாகச் சொன்னார். கால் குடைச்சலைப் பற்றிக் கேட்டார். ஈரல் சோதனைக்கும் சேர்த்து இரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தார்கள். மிஸ்ஸி ஊசி குத்தும்போது பெரியம்மா என்னைப் பார்த்து, “இந்த மாத்திரைய எந்த எலிக்குக் குடுத்துப் பாத்தாங்க?” என்று கேட்டார்.

திரும்பி வரும்போது காரில் அந்தக் கதையைச் சொன்னேன். ஜப்பானில் அகிரா எண்டோ என்று ஒருவர். 1971லிருந்து 6000க்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களைத் துழாவி, 1973ல் ஒரு நீலப் பச்சைப் பூஞ்சணத்திலிருந்து கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். அதுவும் இயற்கைதான், அரிசியில் பிடிக்கிற பூஞ்சணம். எலிகளுக்குக் கொடுத்தார்கள். கொலஸ்ட்ரால் இறங்கவே இல்லை. கம்பெனியில் இதைக் கைவிட்டுவிடலாம் என்கிற நிலைமை. அப்புறம்தான் முட்டையிடும் கோழிக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியிருக்கிறது. ஒரு முட்டையில் 200 மில்லிகிராம் போலக் கொலஸ்ட்ரால் இருக்கிறதே, அதை உண்டாக்குகிற உடம்பில் கொலஸ்ட்ரால் வேலை மும்முரமாக நடக்க வேண்டும் இல்லையா? கோழியின் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறக்குறைய பாதியாக இறங்கியது. பிறகு நாய், குரங்கு, மனிதர். அந்த வம்சத்தில் முதல் மாத்திரைக்கு அமெரிக்காவில் 1987ல் அனுமதி கிடைத்தது. பெரியம்மா வாங்குகிற சிம்வாஸ்டாட்டினைப் பிரிட்டனில் 20,536 பேருக்கு ஐந்தாண்டு போலச் சோதித்து 2002ல் வெளியிட்டார்கள். அதில் 5963 பேர் அவரைப் போல இனிப்பு நீர் உள்ளவர்கள். அவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. கிளினிக் மாத்திரைக்குப் பின்னால் இத்தனை மனிதர்கள் இருக்கிறார்கள். 120 வெள்ளிப் போத்தலுக்குப் பின்னால் ஒரு எலிப் படம்.

“அப்போ எலிக்குப் பலிக்கலன்னு தூக்கிப் போட்டிருந்தா இந்த மாத்திரையே வந்திருக்காதா?” என்று கேட்டார்.

“வந்திருக்காது பெரிம்மா. இல்லாட்டி ரொம்ப லேட்டா வந்திருக்கும்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பக்கத்து வீட்டு ராணி அக்காவும் அதே மண்டபத்தில் அதே போத்தலை வாங்கி, கிளினிக் மாத்திரையை நிறுத்தி வைத்திருக்கிறாள் என்றார். அவளுக்குப் போன வருஷம்தான் இதயத்தில் குழாய் வைத்தார்களாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியம்மாவை இறக்கிவிடாமல் நேரே அந்த அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அவருடைய அடுத்த தெமு ஜஞ்சி (கிளினிக்கில் வரச் சொன்ன நாள்) இரண்டு மாதம் கழித்துத்தான். அதுவரை காத்திருக்க முடியாது, மாத்திரையை இன்றைக்கே மறுபடி ஆரம்பிக்கலாமா என்று கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்டோம். நாளைக் காலையில் ஆளையும் போத்தலையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். எனக்கு முதல் இரண்டு பாடவேளையும் வகுப்பு. பெரியம்மா தானே கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டார், அந்த ஆய்வுத்தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.